வெளிச்சம் தீர்ந்த படுக்கையறை

அடுத்தவன் படுக்கையறையை எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் நாகரிகத்தின் முதல் அடையாளம். மிருகங்களிடமிருந்து மனிதன் பிரிந்து வந்தது நெருப்பைக் கண்டுபிடித்ததால் அல்ல, கதவைச் சாத்தக் கற்றுக்கொண்டதால்தான். இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர் வில்ஃப் கிரிம்ஷா. அறிவித்த இடம், லங்காஷயரில் அவர் வீட்டுத் தெருமுனையில் இருந்த மதுக்கடை. அப்போது அவர் கையில் இருந்தது வெறும் அரைக் குவளை என்பதால், இதைப் போதையில் சொன்னது என்று யாரும் தள்ளிவிட முடியாது.

"மழையில வரிசையில நின்னு, காசையும் குடுத்து, செத்துப்போனவன் கட்டிலைப் பாத்துட்டு வரான் பாரு, அவனெல்லாம் என்ன ஜென்மம்?" என்றார் வில்ஃப். "நானும் ஆயுசு பூரா அடுத்தவங்க வீட்டுக்குள்ள போயிட்டு வந்தவன்தான். குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டாங்க, போனேன். காசை அவங்க குடுத்தாங்க, நான் வாங்கினேன். அதான் முறை."

எதிரே உட்கார்ந்திருந்த எர்னி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எர்னிக்கு வில்ஃபைப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். எந்த இடத்தில் தொட்டால் கத்துவார் என்பதும் அப்போதிலிருந்தே தெரியும்.

"அதெல்லாம் சரி வில்ஃபு. இன்னிக்கு வியாழக்கிழமை. டோரீன் எங்க?"

வில்ஃப் குவளைக்குள் பார்த்தார்.

"ஊருக்கே தெரிஞ்ச விஷயத்தை எங்கிட்ட மறைக்காத. உன் பொண்டாட்டி வாரத்துக்கு ரெண்டு நாள் வேற ஒருத்தன் படுக்கையறையில உக்காந்திருக்கா. அதை டிக்கெட் போட்டு வேற காட்டுறாங்க."

அந்த வேற ஒருத்தன், விண்டர்ஸ்கேல் மாளிகையின் நான்காம் பிரபு சர் பெரிகிரின். டோரீன் இரண்டு வருடமாக அந்த மாளிகையில் தன்னார்வலர். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் தொன்மனைக் காப்புக் கழகம் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வியாழனும் ஞாயிறும் பெரிகிரினின் படுக்கையறையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, வருகிறவர்களுக்கு அவருடைய பெருமைகளைச் சொல்வாள்.

பெரிகிரின் இறந்து இருநூற்றைம்பது வருடமாகிறது. இதில் வில்ஃபுக்கு எந்த ஆறுதலும் இல்லை. உயிரோடிருக்கும் போட்டியாளன் என்றால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அசட்டுத்தனமாக ஏதாவது பேசுவான், அவனுக்குத் தொப்பை விழும், சூப்பைச் சட்டையில் சிந்திக்கொள்வான். செத்தவனுக்கு இந்தச் சங்கடங்களே கிடையாது. போதாததற்கு, அவனுக்காகப் பேசுவதற்கென்று ஒரு கழகமே அட்டை மாட்டி ஆள் வைத்திருக்கிறது.

காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே தொடங்கிவிடும்.

"பெரிகிரின் காலையில எழுந்ததும் பொண்டாட்டி ரூமுக்குப் போய், 'ராத்திரி நல்லா தூங்கினியா'ன்னு கேப்பாராம்," என்பாள் டோரீன்.

"தனித்தனி ரூம்ல படுத்தா கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்," என்பார் வில்ஃப், பத்திரிகைக்குப் பின்னால் இருந்து.

இதெல்லாம்கூடப் போகட்டும். இப்போது வந்திருந்தது வேறு சிக்கல். வரும் சனிக்கிழமை அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். வில்ஃப் கடற்கரை ஊரான பிளாக்பூலில் இரண்டு ராத்திரிக்கு அறை போட்டிருந்தார். கல்யாணமான புதிதில் தங்கிய அதே விடுதி. டோரீனிடம் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டுச் செய்வது வில்ஃபின் பழக்கமல்ல. அதே சனிக்கிழமை, மாளிகைத் தன்னார்வலர்கள் எல்லோரும் இரண்டு ராத்திரிப் பயணமாக நார்த்தம்பர்லேண்ட் போகிறார்கள், பெரிகிரினின் மனைவி பிறந்து வளர்ந்த மாளிகையைப் பார்க்க. அதாவது, ஒரு வீட்டைக் காவல் காப்பதற்குப் பரிசாக இன்னொரு வீட்டைக் காட்டுகிறார்கள்.

"அன்னிக்கு நம்ம கல்யாண நாள்," என்று முந்தைய நாள் இரவு வில்ஃப் சொன்னார்.

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமாங்கறதுதான் எனக்குத் தெரியல. நீ வாயத் திறந்து எதுவும் சொல்லலையே."

"நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் சொல்லணுமா?"

"பாத்தியா," என்றாள் டோரீன். அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிட்டது. பயணத்துக்கு வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும், தான் கொடுக்கப் போவதாக மட்டும் படுக்கப் போகும்போது சொன்னாள்.

எர்னி குவளையைக் கீழே வைத்தார். "அப்ப இந்தக் கல்யாண நாளுக்கு அவ செத்தவன்கூடப் போறா, நீ பிளாக்பூல்ல தனியா ஐஸ்கிரீம் திங்கிற. சரியா?"

வில்ஃப் மீதிப் பீரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். மதுக்கடை அவரிடம் இப்படியொரு செயலை அதுவரை கண்டதில்லை.

*

விண்டர்ஸ்கேல் மாளிகை வாசலில் மஞ்சள் மேலங்கி அணிந்த ஒரு முதியவர் கையை உயர்த்தி வில்ஃபின் வேனை நிறுத்தினார்.

"உறுப்பினருங்களா?"

"இல்ல. புருஷன்."

"புருஷன்னா?"

"டோரீன் கிரிம்ஷாவோட புருஷன். உள்ள வேலை செய்றா. ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடுவேன்."

முதியவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "புருஷனுக்குன்னு ஸ்டிக்கர் எதுவும் இல்லீங்களே. ஸ்டிக்கர் இருந்தா மரத்தடி. இல்லாட்டி அந்த வயலு."

"எந்த வயலு?"

"அந்த ஆடுங்களுக்கு அப்பால இருக்கு பாருங்க, அது."

ஆடுகளுக்கு அப்பால் வேனை விட்டுவிட்டுச் சேற்றில் நடந்து வந்தபோது, வில்ஃபுக்கு முன்னால் மரத்தடி முழுக்க கார்கள் நிழலில் நின்றன. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் கழகத்தின் சின்னம், ஓர் ஓக் மரமும் அதன் கீழே ஒரு பூட்டும். அந்தக் கார்களுக்குள் ஒரு மாதிரி திருப்தி இருந்தது. வில்ஃப் தன் பூட்ஸைப் பார்த்தார், பிறகு கார்களைப் பார்த்தார். கார் மேல் பொறாமைப்படுவது மனிதனுக்கு அழகல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண்ணின் மேலங்கியில் 'என்னிடம் உறுப்பினர் சேர்க்கை பற்றிக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தது. யாரும் கேட்காமலேயே அவள் சொல்லத் தொடங்கினாள்.

"ஒரு தடவை பாக்க இவ்ளோ காசு, கண்ணு. இன்னும் கொஞ்சம் போட்டா வருஷம் பூரா எல்லா மாளிகையும் பாக்கலாம்."

"நான் ஒரு தடவைகூடப் பாக்க வரலம்மா. என் பொண்டாட்டிகிட்ட பேசணும்."

"தன்னார்வலர்கிட்ட பேசணும்னா பார்வையாளரா இருக்கணும். பார்வையாளரா இருக்கணும்னா டிக்கெட் வாங்கணும்."

"வீட்ல சும்மாவே பேசிட்டுதான் இருந்தேன்."

"அப்படியா? அதை வீட்டோட வெச்சிருந்திருக்கணும், கண்ணு," என்றாள் அவள். அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே வருந்தினாள். வில்ஃப் காசைக் கொடுத்தார். அவர் கொடுத்தது மனைவியிடம் பேசுவதற்கு, கட்டிலைப் பார்ப்பதற்கு அல்ல. சீட்டில் இந்த வித்தியாசம் அச்சிடப்படவில்லை.

முன்கூடத்தில் பார்வையாளர்களை வரவேற்கக் காத்திருந்தவர் கிரிஸ்பின் ஆல்டர்லி, கழகத்தின் பார்வையாளர் அனுபவ மேலாளர். அனுபவமே இல்லாத வயது. ஆனால் அவருடைய வேலை அனுபவத்தைப் பெறுவது அல்ல, மேலாள்வது. கைகளைக் கோத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பாதிரியார் மாதிரி எல்லோர் முகத்தையும் கண்ணால் ஒருமுறை தடவிவிட்டுத் தொடங்கினார்.

"வாங்க. இந்த மாளிகை எங்களோடது இல்லீங்க, உங்களோடது. தேசத்தோடது. அதனாலதான் யாரும் எதையும் தொடக் கூடாதுன்னு கேட்டுக்கறோம். சொந்த வீட்ல யாராவது சுவரைத் தடவிட்டு நிப்பாங்களா? முதுகுப் பையை வயித்துப் பக்கமா மாட்டிக்கங்க. பேனா வேணாம், பென்சில் ஓகே. சாஞ்சுக்காதீங்க, மூச்சு விடறது இயல்பா இருக்கட்டும், ஆனா திரைச்சீலையப் பாத்து விடாதீங்க. இந்த வீட்டுக்கு மூணு எதிரிங்க. வெளிச்சம், ஈரம், அந்துப்பூச்சி. நாலாவதா ஒண்ணு இருக்கு, ஆனா அவங்க டிக்கெட் வாங்கிட்டுதான் வராங்க, அதனால அவங்களை நாங்க அன்போட பொறுத்துக்கறோம்."

பார்வையாளர்கள் நன்றியோடு தலையசைத்தார்கள். ஓர் அம்மாள் குறிப்பு எடுத்துக்கொண்டாள், பென்சிலால்.

"ஏங்க," என்றார் வில்ஃப், "டோரீன் எந்த ரூம்ல இருக்கா?"

"ஒவ்வொரு அறையும் அதனதன் வரிசையில உங்ககிட்ட வரும்," என்றார் கிரிஸ்பின்.

வரிசைப்படி வந்தன. முதலில் சாப்பாட்டுக் கூடம். மேஜை நிறைய மெழுகில் செய்த கோழியும் மெழுகில் செய்த பழமும். சுற்றிலும் இருபது நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு காய்ந்த முட்பூ. உட்காராதீர்கள் என்று எழுதி வைப்பது மரியாதை இல்லை என்று கழகம் கருதுவதால் முள்ளை வைக்கிறார்கள். பிறகு நூலகம், இரும்புக் கம்பிவலைக்குப் பின்னால் புத்தகங்கள். பிறகு ஒரு சிறிய அறை, அதில் எதுவுமே இல்லை. "இங்கே இருந்தது துப்புரவுக்குப் போயிருக்கு. திரும்பி வரும்போது மறுபடி வாங்க," என்றாள் அங்கிருந்த தன்னார்வலர். மக்கள் அந்த வெற்றிடத்தையும் சுற்றி வந்து பார்த்தார்கள். வில்ஃபும் சுற்றினார், ஏனென்றால் போகிற வழி அதுதான்.

ஒரு மணி நேரம் இப்படிப் போன பிறகு, ஒரு கதவுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தினார் கிரிஸ்பின்.

"சர் பெரிகிரினின் படுக்கையறை. போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். பழைய பட்டு வெளிச்சத்துல நிறம் போயிடும். அதனால ஒவ்வொரு அறைக்கும் வருஷத்துக்கு இவ்வளவு வெளிச்சம்தான்னு ஒரு அளவு வெச்சிருக்கோம். வசந்த காலத்துல டிவிக்காரங்க வந்து இங்கே ஒரு நாடகம் எடுத்தாங்க. பெரிய பெரிய விளக்கு. அதுல இந்த அறையோட வெளிச்சம் பூரா செலவாயிடுச்சு. அடுத்த ஜனவரிக்குத்தான் புது வெளிச்சம்."

"அதுவரைக்கும்?" என்றார் வில்ஃப்.

"இருட்டுலதான்."

"அப்ப கட்டிலு?"

"உள்ளதான் இருக்கு."

"கண்ணுக்குத் தெரியாதே?"

"பாருங்க," என்றார் கிரிஸ்பின், குரலைத் தாழ்த்தி. "வெளிச்சத்துல கட்டிலை யாரு வேணா பாக்கலாம். அது எல்லா மாளிகையிலயும் கிடைக்கும். இது சர் பெரிகிரின் மெழுகுவர்த்திய ஊதினதுக்கு அப்புறம் பாத்த அதே இருட்டு. அசல் இருட்டு. இருட்டைப் பத்திக் குறை சொல்லி இதுவரைக்கும் ஒருத்தர்கூட எழுதல. அலமாரியப் பத்தித்தான் எழுதியிருக்காங்க."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. ஒன்றும் தெரியவில்லை. வில்ஃப் செருமினார். பிறகு எங்கிருந்தோ ஒருவர் "ஆஹா" என்றார். மற்றவர்களும் "ஆஹா" என்றார்கள். யாரோ படம் எடுக்கக் கைபேசியைத் தூக்க, "ஃபிளாஷ் வேணாம்! அடுத்த வருஷத்து வெளிச்சத்துல கை வைக்கிறீங்க!" என்று கிரிஸ்பின் பதறினார்.

அதன் பிறகு அந்த இருட்டிலிருந்து டோரீனின் குரல் வந்தது.

"வாங்க, வாங்க. உங்களுக்கு நேர் எதிர்ல இருக்கறதுதான் கட்டிலு. அவர் இதுலதான் பொறந்தாரு, இதுலதான் போனாரு. நடுவுல நிறைய படிச்சாரு. பொண்டாட்டி பேச ஆரம்பிச்சா, எந்தப் பக்கத்துல இருந்தாலும் புத்தகத்தை மூடி வெச்சிடுவாராம். அடையாளத்துக்கு விரலைக்கூட உள்ள வெச்சுக்க மாட்டாராம்."

வில்ஃப் அசையாமல் நின்றார். அவர் கேட்டது அவருடைய மனைவியின் குரல்தான், ஆனால் வீட்டில் கேட்கும் குரல் இல்லை. குப்பைத்தொட்டியை வெளியே வைத்தாயா என்று கேட்கும் குரலை அவருக்குத் தெரியும். இந்தக் குரலில் ஒரு வெதுவெதுப்பு இருந்தது. இதே குரலை அவர் எப்போதோ கேட்டிருக்கிறார். அது எப்போது என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. செத்தவனை இரண்டாம் முறை கொல்ல வழி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லாததால், குரலை மாற்றிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அவரு ஒரு நாளாவது பாத்திரம் கழுவியிருக்காரா?"

"கழுவினதில்லை, கண்ணு," என்றது இருட்டு. "ஆனா கழுவினவங்க பேரு எல்லாம் அவருக்குத் தெரியும்."

"ஒழுகுற குழாயை ஒண்ணாவது சரி பண்ணியிருக்காரா?"

"அந்தக் காலத்துல வீட்டுக்குள்ள குழாயே கிடையாது."

"அதானே பாத்தேன்," என்றார் வில்ஃப். "குழாயே இல்லாத காலத்துல நல்ல புருஷனா இருக்கறது ஒண்ணும் பெரிய காரியமில்ல."

யாரோ சிரித்தார்கள். கிரிஸ்பின் கண்டிப்பாக இருமினார். வில்ஃப் விடவில்லை. "சரி, அந்தப் பொண்ணை எப்படிப் பிடிச்சாரு? அதைச் சொல்லுங்க."

இருட்டு சற்றுத் தயங்கியது. "அதுதான் யாருக்கும் தெரியல. எங்கயும் எழுதி வெக்கல. அவர் கல்யாணத்துக்கு முன்னாடி அவகிட்ட என்ன சொன்னாரு, எப்படிச் சொன்னாரு, ஒண்ணும் கிடைக்கல. எனக்கு அதுல ஒரு குறைதான்." பிறகு வேறு பக்கம் திரும்பி, "கிரிஸ்பின், என்னோட டீ நேரம் தாண்டிடுச்சு. மாத்துறவங்க இன்னும் வரலையே?"

"வரலையா? ஐயோ. அறையை ஆளில்லாம விட முடியாதே. வெளிச்சம் இருந்தாலாவது கேமரா பாத்துக்கும். ஆளில்லாத இருட்டு கழக விதிக்கு விரோதம்."

"இந்தக் குரல்காரர் ரொம்ப அக்கறையா கேள்வி கேக்கறாரு," என்றாள் டோரீன். "கொஞ்ச நேரம் இவர் உக்காரட்டுமே."

கிரிஸ்பின் அவசரத்தில் ஓர் அட்டையை வில்ஃபின் கழுத்தில் மாட்டினார். முதலில் பக்கத்தில் இருந்த அம்மாளின் கழுத்தில் மாட்டி, மன்னிப்புக் கேட்டு, பிறகு வில்ஃபின் கழுத்தைக் கண்டுபிடித்தார். "தற்காலிக அறைக் காவலர். கதவுக்குப் பக்கத்துல ரெண்டு நாற்காலி இருக்கு. ஒண்ணுதான் நம்மளோடது. எதுன்னு உக்காந்ததும் தெரிஞ்சிடும்."

வில்ஃப் உட்கார்ந்தார். எழுந்தார். இன்னொன்றில் உட்கார்ந்தார்.

*

அடுத்த கூட்டம் உள்ளே வந்தபோது வில்ஃபுக்கு ஒன்று புரிந்தது. பெரிகிரினைப் பற்றி ஊருக்குச் சொல்லும் உரிமை இப்போது அவர் கையில் இருக்கிறது. வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு எதிரிக்கு எதிராக எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"எதிர்ல இருக்கறது கட்டிலு," என்று தொடங்கினார். "அதுல படுத்தவன் சரியான சோம்பேறி. மத்தியானம் வரைக்கும் எழுந்திரிக்க மாட்டான். குளியல் கிடையாது. வாசனைத் தண்ணியை ஊத்திக்கிட்டே காலம் தள்ளினவன். தலையில வெச்சிருந்தது சொந்த முடியில்ல, டோப்பா. அதுக்குள்ள பேனு."

பார்வையாளர்களுக்குப் பேரானந்தம். ஒரு மணி நேரமாகப் பீங்கான் தட்டுகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்திருந்தவர்கள். "அப்புறம்?" என்றார்கள். வில்ஃப் குறட்டையைச் சொன்னார். "என் வீட்டுக்காரர் மாதிரியே," என்றாள் ஒருத்தி. பல்லைச் சொன்னார், கால் நாற்றத்தைச் சொன்னார். முன்னால் வந்த கூட்டம் வெளியே போக மறுத்தது, பின்னால் வந்த கூட்டம் உள்ளே நெருக்கியது. விஷயம் கேள்விப்பட்டு நூலகத்தில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். இருட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

கடைசியில் ஒருவனைப் பற்றிச் சொல்லக்கூடிய அவதூறெல்லாம் தீர்ந்துபோனது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண் கேட்டாள்: "இவ்ளோ மோசமான ஆளை அவ ஏன்தான் கட்டினா?"

வில்ஃப் வாயைத் திறந்தார். பெரிகிரினைப் பற்றி இதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை. இருட்டில் அவருக்குத் தெரிந்த கதை ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"அவ வீட்ல ஒரு குழாய் ஒழுகிச்சு," என்றார். "குழாய்னா... நீரூத்துன்னு வெச்சுக்கங்க. தோட்டத்துல. அவங்கம்மா கூப்பிட்டு அனுப்பினா. இவன் போனான். சின்ன வேலை, ஒரு வாஷர் மாத்தினா போதும். மாத்திட்டான். திரும்பினா அவ கதவுல சாஞ்சு நிக்கறா. சிவப்பு ஸ்கார்ஃபு. கையில பாதி கடிச்ச ஆப்பிளு. 'அவ்ளோதானா வேலை?'ன்னு கேட்டா."

வில்ஃப் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"அவ்ளோதான்னு சொல்ல மனசு வரல. அவ உள்ள போனதும், மாத்தின வாஷரைக் கழட்டி, பழைய வாஷரையே மறுபடி போட்டுட்டு வந்துட்டான். ரெண்டு நாள்ல மறுபடி ஒழுகிச்சு. மறுபடி கூப்பிட்டாங்க. அடுத்த தடவை நட்டை லேசாத் தளர்த்திட்டு வந்தான். தொழில்ல அவனை மாதிரி ஒரு மோசடிக்காரன் கிடையாது. ஊர்ல மத்தவங்க வீட்டுக் குழாயெல்லாம் நல்லாத்தான் போட்டான். அவ வீட்டுக் குழாய் மட்டும் அந்தக் கோடை பூரா ஒழுகிட்டே இருந்துச்சு."

"அப்புறம் இதை அவகிட்ட சொன்னாரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரலின் சொந்தக்காரி டீ குடிக்கப் போயிருக்க வேண்டிய நேரம்.

"சொல்லல."

"ஏன்?"

"தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டான்."

"எப்படித் தெரியும்? சொன்னாத்தானே தெரியும்?"

"இப்ப சொல்லிட்டான்ல," என்றார் வில்ஃப்.

ஒரு முதியவர் பெரும் சத்தத்தோடு மூக்கைச் சிந்தினார். ஒரு கணவன் தன் மனைவியின் கையைத் தேடினான். கிடைத்தது வேறொருவர் மனைவியின் கை என்பது சற்றுத் தாமதமாகத் தெரிந்தது. கிரிஸ்பின் ஆல்டர்லி தன்னை மறந்து கைதட்டினார். பிறகு பதவியை நினைத்துக்கொண்டு அருகே வந்து கிசுகிசுத்தார்.

"அருமை. அருமை. ஆனா இதுக்கு ஆதாரம் ஏதாவது?"

"இருட்டுல என்னய்யா ஆதாரம்?"

கிரிஸ்பின் இதை எடைபோட்டார். "பாருங்க, கழகத்துக்கு உண்மை ரெண்டு வகை. ஆராய்ச்சியாளருங்க நிரூபிச்சது ஒண்ணு, பார்வையாளருங்க ரசிச்சது ஒண்ணு. முதல்ல சொன்னதை நாங்க ரொம்ப மதிக்கறோம், அதை மாடியில ஒரு அலமாரியில வெச்சிருக்கோம். ரெண்டாவதுலதான் நன்கொடை வருது. ஞாயித்துக்கிழமை நீங்க மறுபடி வர முடியுமா?"

"ஞாயித்துக்கிழமை நான் பிளாக்பூல்ல இருப்பேன்," என்றார் வில்ஃப். "தனியாவோ, சேர்ந்தோ."

*

தேநீர்க் கூடம் முன்பு குதிரை லாயமாக இருந்தது. குதிரைகள் நின்ற இடங்களில் இப்போது உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டோரீன் ஸ்கோன் பன்னை இரண்டாகப் பிளந்து ஜாம் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"எங்கம்மா சாகற வரைக்கும் அந்தக் குழாயைத் திட்டிட்டே இருந்தா."

"நல்ல குழாய் அது," என்றார் வில்ஃப்.

"புதுசு மாத்தலாம்னு அப்பா எத்தனை தடவை சொன்னாரு! நீதான், 'வேணாம், இது பழைய பித்தளை, கிடைக்காது'ன்னு தடுத்துட்டே."

"பழைய பித்தளைதான்."

"எவ்ளோ நாள்தான் கழட்டி கழட்டிப் போடலாம்னு இருந்தே?"

"நீ சரின்னு சொல்ற வரைக்கும்."

டோரீன் ஸ்கோனின் ஒரு பாதியை அவர் பக்கம் தள்ளினாள். சிரிப்பை அடக்கும்போது அவள் மூக்கு லேசாக விரியும். அது விரிந்தது.

"நான்தான்னு எப்பத் தெரிஞ்சுது உனக்கு?" என்று வில்ஃப் கேட்டார்.

"உள்ள வந்ததும். உன் செருமல் எனக்குத் தெரியாதா? ஆனா பாரு வில்ஃப், வீட்ல ரெண்டு வருஷமா அவரைப் பத்திச் சொல்றேன், நீ ஒரு கேள்வி கேட்டதில்ல. இன்னிக்குதான் கேட்டே. எரிச்சல்லதான் கேட்டே. இருந்தாலும், கேட்டுட்டு பதிலுக்கு நின்னே."

"இருட்டுல வெளிய போற வழி தெரியல."

"வாய மூடு. நான் பிளாக்பூல் வரேன். பேரை இன்னும் குடுக்கல. ஒரே ஒரு கண்டிஷன். காலையில எழுந்ததும் நல்லா தூங்கினியான்னு கேக்கணும்."

"ஒரே கட்டில்ல படுத்துட்டு அதென்ன..."

"வில்ஃப்."

"கேக்கறேன்."

மறுநாள் மதுக்கடையில் வில்ஃப் தன் வெற்றியை விவரித்தார். உள்ளே போனாராம், ஒரே வார்த்தை சொன்னாராம், மனைவியைக் கையோடு மீட்டுக்கொண்டு வந்தாராம். கழகம் மொத்தமும் வாயடைத்து நின்றதாம். "இனிமே அந்த மாதிரி எடத்துக்கு நானோ என் வீட்டு நாயோ போகாது," என்றார். வில்ஃபிடம் நாய் கிடையாது என்பதை எர்னி சுட்டிக்காட்டவில்லை. எர்னியின் மனைவி வியாழக்கிழமை விண்டர்ஸ்கேலில் அந்த இருட்டறைக்குள் நின்று அழுதுவிட்டு வந்திருந்தாள். அன்று இரவு முழுவதும் எர்னியை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்படி ஏதாவது எனக்காக நீ ஒடைச்சிருக்கியா?" என்று கேட்டாளாம். அந்தக் கேள்வி எர்னியின் நெஞ்சை அரித்தது. முகம்கூடத் தெரியாத அந்தப் பெரிகிரின் மேல் அவருக்கும் இப்போது கொஞ்சம் கடுப்பு வந்திருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை பிளாக்பூலில் காற்று பலமாக இருந்தாலும் வெயில் அடித்தது. அன்று காலை வில்ஃப் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தார். "நீ போட்ட குறட்டையில எங்க தூங்க?" என்று டோரீன் சந்தோஷமாகப் பதில் சொல்லியிருந்தாள். மத்தியானம் கடற்கரைச் சாய்வு நாற்காலியில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அவள் தூங்கிப்போனாள். "சிப்ஸ் வாங்கிட்டு வரேன்," என்று தொப்பியிடம் சொல்லிவிட்டு வில்ஃப் எழுந்தார்.

சிப்ஸ் கடை இடப்பக்கம் இருந்தது. வில்ஃப் வலப்பக்கம் போய் ஒரு பேருந்தில் ஏறினார்.

ஊருக்கு வெளியே, பெரிய புல்வெளியின் நடுவே, கழகத்தின் இன்னொரு மாளிகை இருந்தது. வாசலில் நீள வரிசை. வில்ஃப் அதன் கடைசியில் போய், காலர் பட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றார்.

"உறுப்பினருங்களா?" என்று வாசலில் கேட்டார்கள்.

வில்ஃப் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கோட்டின் உள்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, உள்ளங்கையாலேயே மறைத்துக் காட்டினார். அட்டை புத்தம் புதியது. ஆயுள் உறுப்பினர்.

மாடியில் படுக்கையறை. இங்கே இன்னும் வெளிச்சம் பாக்கி இருந்தது. ஜன்னல் வழியாகத் தாராளமாக வந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஊதாரித்தனத்தைப் பார்த்ததுமே வில்ஃபுக்கு ஒரு மாதிரி இருந்தது. இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு? மெல்லிய மீசை வைத்த ஒரு தன்னார்வலர் கயிற்றுக்கு அப்பால் நின்று, இந்தக் கட்டிலில் படுத்த பிரபுவின் நற்குணங்களை அடுக்கினார். வில்ஃப் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டார். திரைச்சீலையைப் பார்த்து மூச்சு விடவில்லை. பக்கத்தில் ஒருவன் கட்டில் காலைத் தொடக் கையை நீட்டியபோது, அவனை ஒரு பார்வை பார்த்தார். கை பின்வாங்கியது.

"இந்த வட்டாரத்துலயே இதைவிடப் பெரிய கட்டில் கிடையாது," என்று முடித்தார் மீசைக்காரர்.

கூட்டம் "ஆஹா" என்றது. வில்ஃபால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கை நீட்டியவனின் காதருகே குனிந்தார்.

"சும்மா சொல்றான். எங்க பெரிகிரினோட கட்டிலு இதைவிட ஒரு முழம் அகலம்."

"அப்படியா? நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஜனவரியில பாப்பேன்," என்றார் வில்ஃப்.